ஆறாயிரம் ரூபாய்க்கு ஓர் எட்டு

நாணயம் சேர்க்க ஆரம்பித்து ஓர் ஆண்டு ஆகியிருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். முதல் ஆறு மாதத்தில் பெரிதாக யாரும் ஏமாறுவதில்லை. ஒன்றும் தெரியாது, அதனால் பயம் இருக்கும். கையில் காசும் இருக்காது. கொஞ்சம் படித்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் வலையில் விழுகிறோம். நான் அப்படித்தான் விழுந்தேன்.

என் சேகரிப்பு அப்பத்தாவின் சுருக்குப்பையில் தொடங்கியது. உள்ளே நான்கு ஓட்டைக் காலணாக்கள் இருந்தன. 1943 முதல் 1947 வரை வந்தவை, நடுவில் துளையோடு. கறுத்துக் கிடந்ததால் பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். அந்தப் பளபளப்பால்தான் மதிப்பு போனது என்பது பின்னால் தெரிந்தது. அதில் என்னை யாரும் ஏமாற்றவில்லை, நானே செய்துகொண்டது. நீங்கள் செய்யாதீர்கள்.

2018இல் மதுரையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நாணயக் கண்காட்சி நடந்தது. அப்போது நான் பதினொன்றாம் வகுப்பு. இரண்டு ஆண்டுப் பொங்கல் காசு, சைக்கிள் விற்ற பணம் எல்லாம் சேர்த்து ஆறாயிரத்துச் சொச்சம் பையில் இருந்தது. சட்டைப்பையில் ஒரு காந்தம், ஒரு சின்ன எலெக்ட்ரானிக் தராசு. தயாராகத்தான் போயிருந்தேன்.

ஒரு மேசையில் பிரிட்டிஷ் மன்னர் ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட வெள்ளி ரூபாய்கள் குவியலாகக் கிடந்தன. கிளறிக்கொண்டே வந்தபோது ஒன்றில் 1939 என்று கண்ணில் பட்டது. நெஞ்சு படபடத்தது. அந்த வரிசையில் கிடைப்பதற்கு அரிய ஆண்டு அதுதான் என்று படித்திருந்தேன். உண்மையான 1939 என்றால் என் கையில் இருந்த பணத்தைப்போலப் பல மடங்கு கொடுக்க வேண்டும். "இது என்ன விலை, அண்ணே?" என்று ஒன்றும் தெரியாதவன்போலக் கேட்டேன். கடைக்காரர் சாவகாசமாக வாங்கிப் பார்த்தார். "நல்ல காசைத்தான் எடுத்திருக்கிறீர்கள் தம்பி, விவரமான ஆள். ஏழாயிரம் கொடுங்கள்."

அவருக்கு அதன் அருமை தெரியவில்லை, அதனால்தான் ஏழாயிரத்துக்குத் தருகிறார் என்று நினைத்தேன். நான் அவரை ஏமாற்றிக்கொண்டிருப்பதாகவே நம்பினேன்! அந்த நினைப்பில் வேறு யாரிடமும் காட்டவில்லை, பில் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவாரே. தராசில் வைத்தேன்: 11.6 கிராம். இருக்க வேண்டியது 11.66. காந்தம் ஒட்டவில்லை. 1940 முதல் 1945 வரை வந்த ரூபாய்களில் வெள்ளி பாதிதான், விளிம்பின் நடுவிலும் பள்ளமாக ஒரு பாதுகாப்புக் கோடு ஓடும். இதில் அது இல்லை, விளிம்பு முழுக்க வெறும் குறுக்கு வரிகள்தான். எல்லாம் சரியாக இருந்தது. ஆறாயிரத்துக்குப் பேசி முடித்து, பஸ்ஸுக்கு மட்டும் காசை வைத்துக்கொண்டு வந்தேன்.

சோதனையில் எல்லாம் சரியாக வந்ததற்குக் காரணம், அது போலிக் காசே அல்ல என்பதுதான். அசல் 1938 ரூபாய், அதே 91.7 சதவீத வெள்ளி, அதே எடை, அதே விளிம்பு. கடைசி எண் மட்டும்தான் பொய்.

இரண்டு மாதம் கழித்து ஒரு பெரியவரிடம் பெருமையாகக் காட்டினேன். நாற்பது ஆண்டுகளாகச் சேர்ப்பவர். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை என் கையில் கொடுத்து, "இந்த ஆண்டில் இரண்டு ஒன்பது இருக்கிறதே, இரண்டையும் பாருங்கள் தம்பி" என்றார். முதல் ஒன்பதின் வால் மெலிந்து வளைந்து முடிந்தது. இரண்டாவதின் வால் தடித்து, மொட்டையாக நின்றது. அதன் இடப்பக்கம், எட்டின் கீழ் வளையம் இருந்திருக்க வேண்டிய இடத்தில், ஊசியால் சுரண்டியதுபோல் நேர்க்கோட்டுக் கீறல்கள். சுற்றிலும் எண்பது ஆண்டு மங்கல், அந்த எள்ளளவு இடம் மட்டும் பளிச்சென்று இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய ஒன்பது அதே காசில்தான் இருந்தது. எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த கண்காட்சியில் அந்தக் கடைக்காரரைப் பிடித்தேன். குரலைக்கூட உயர்த்தவில்லை. "நான் 1939 என்று சொன்னேனா? நீங்கள்தானே எடுத்தீர்கள்?" என்றார். உண்மைதான். அவர் ஒரு முறைகூட ஆண்டைச் சொல்லவில்லை. அப்போது வெள்ளி கிராம் நாற்பது ரூபாய்ச் சொச்சம்; சுரண்டிய அந்த ரூபாயை உருக்கி வெள்ளியாக விற்றால் ஐந்நூறுகூடத் தேறாது.

போன பணத்தை எடுக்கும் வெறியில் 2020இல் இன்னொரு குழியிலும் விழுந்தேன். மாதா வைஷ்ணோ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய்க்கு லட்சக்கணக்கில் தருவதாக விளம்பரம். என்னிடம் ஒன்று இருந்தது. 'ரிசர்வ் வங்கிப் பதிவுக் கட்டணம்' என்று 850 ரூபாய் கேட்டார்கள், அனுப்பினேன்; பிறகு வரி என்று ஐயாயிரம் கேட்டபோதுதான் விழித்தேன். தன் பெயரைச் சொல்லிப் பழைய நாணய வியாபாரத்தில் கட்டணமும் வரியும் கேட்பவர்களை நம்பாதீர்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவித்தது. எனக்கு அது ஓர் ஆண்டு தாமதம்.

இப்போதும் சேர்க்கிறேன். பெரும்பாலும் கடையில் மீதி வாங்கும் சில்லறையிலிருந்துதான். ஆண்டுக்குக் கீழே வைரக் குறி இருந்தால் காசு அடித்த நாணயச்சாலை மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், புள்ளி என்றால் நொய்டா, ஒன்றும் இல்லையென்றால் கொல்கத்தா. தஞ்சைப் பெரிய கோயில் ஆயிரமாவது ஆண்டுக்கு 2010இல் வந்த ஐந்து ரூபாய் ஒன்று டீக்கடை மீதியில் கிடைத்தது. அதில் கிடைத்த சந்தோஷம் அந்த ஆறாயிரத்தில் கிடைக்கவில்லை. பெரிய விலைக்கு வாங்கினால் ஆண்டையும் 'அசல்' என்ற சொல்லையும் பில்லில் எழுதித் தரச் சொல்கிறேன்.

சென்ற மாதக் கண்காட்சியில் அதே கடைக்காரரின் மேசையில் இன்னொரு 1939 கிடந்தது. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. "பில்லில் 1939 அசல் என்று எழுதித் தருவீர்களா அண்ணே?" என்று கேட்டேன். காசைத் துணியில் சுருட்டி உள்ளே வைத்துவிட்டு, டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்து போனார்.