ஹிட்ச் லாக்கா, வீல் கிளாம்ப்பா, அச்சுப் பூட்டா?

காருக்குப் பின்னால் கோத்து இழுக்கும் வீட்டு வண்டியான கேரவனின் சக்கரம் பறிபோக இரண்டு வழி உண்டு. ஒன்று, திருடன் கைவரிசை. இன்னொன்று, நட்டு தளர்ந்து ஓட்டத்திலேயே கழன்று போவது. பூட்டு வாங்கக் கிளம்புகிறவர்கள் முதலாவதை மட்டும்தான் நினைக்கிறார்கள்.

ஹிட்ச் லாக்கை மாட்ட ஒரு நிமிடம் போதும். கேரவனைக் காரோடு கோக்கும் இணைப்புத் தலையை மூடிவிடுவதால் வேறு காரில் எளிதில் கோக்க முடியாது. ஆனால் சக்கரங்கள் சும்மாதானே இருக்கின்றன? சங்கிலி போட்டு இழுத்தால் உருளும். வழியில் சாப்பிட இறங்கும் நேரத்துக்கு இது சரி, ராத்திரிக்குப் போதாது.

சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும் வீல் கிளாம்ப் தூரத்திலிருந்தே கண்ணில் படும். பாதிக் காவல் அதுதான். வாங்கும்போது ஒன்றைப் பாருங்கள்: நட்டுகளை மூடுகிறதா? மூடாவிட்டால் ஜாக்கி போட்டு அந்தச் சக்கரத்தைக் கிளாம்ப்போடு கழற்றி வைத்துவிட்டு, வேறொன்றை மாட்டி ஓட்டிப் போய்விடலாம். கழற்ற மறந்து வண்டியை எடுத்தால் மட்கார்டு உடையும். அதனால் என் கிளாம்ப் சாவி கார் சாவியோடு ஒரே வளையத்தில்தான் தொங்குகிறது.

அல்-கோ செக்யூர் போன்ற அச்சுப் பூட்டு வேறு ரகம். அச்சோடு நிரந்தரமாகப் பொருத்திய ஏற்பிக்குள் (பூட்டை வாங்கிக்கொள்ளும் துண்டு), சக்கரத்தின் இடைவெளி வழியாகப் பூட்டை நுழைத்து முறுக்க வேண்டும். அப்புறம் சக்கரம் சுழலாது, கழற்றவும் வராது. படுத்தலும் இதில்தான்: இடைவெளி ஏற்பிக்கு நேராக நிற்க வேண்டும். கொஞ்சம் தள்ளி நின்றுவிட்டால் வண்டியை முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்க வேண்டும், அல்லது அந்தப் பக்கத்தை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். சுற்ற வேண்டுமென்றால் கை பிரேக்கை விட்டாக வேண்டும். அதற்கு முன் காரோடு கோத்து, மறுபக்கச் சக்கரத்துக்கு இருபுறமும் கட்டை கொடுத்துவிடுங்கள். மாதக்கணக்கில் நிறுத்துகிறவர் இந்தச் சிரமத்தைப் படலாம். என் ஓட்டு இதற்கே.

இனி, தானாகக் கழல்வது. சிலுவை ஸ்பேனரில் ஏறி மிதித்து இறுக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எவ்வளவு இறுகியது என்று காலுக்குத் தெரியாது. டார்க் ரெஞ்ச் என்ற ஸ்பேனர் இறுக்கத்தின் அளவைச் சொல்லும். இரும்புச் சக்கரத்துக்கும் அலாய்க்கும் அளவு வேறு. கையேட்டில் இருப்பதையே வையுங்கள். எதிரெதிர் நட்டாக மாற்றி மாற்றி இறுக்கி, சுமார் 50 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி சோதியுங்கள். நட்டின் மரையில் எண்ணெய் வேண்டாம். அதே அளவில் கூடுதலாக இறுகிவிடும். நட்டுத் தலையில் மாட்டும் பிளாஸ்டிக் முள் நட்டு அசைந்ததைக் காட்டும், பிடித்து வைக்காது.

கேரவனின் நான்கு மூலையிலும் இறக்கிவிடும் தாங்கிகளை ஜாக்கியாக்க வேண்டாம். அவை வண்டி ஆடாமல் நிற்க மட்டுமே. டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரத்தில் செய்தது. கேரவன் டயர் தேய்வதற்கு முன் கிழடாகிவிடும், டயரின் பூ (தரையைப் பிடிக்கும் வரிகள்) நன்றாக இருந்தாலும் அந்த எண்ணைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள்.