ஒரு சத்தை அளப்பதா, முழு ரேகையைப் பார்ப்பதா?

மூலிகைக் கூட்டுமருந்தின் தரத்தைச் சோதிப்பது எப்படி? சீனத்து மரபு மருந்தான ஹுவாங்லியன் ஜியேடு கஷாயத்தை எடுத்துக்கொள்வோம். அதில் நான்கு சரக்குகள்: ஹுவாங்லியன், ஹுவாங்சின், ஹுவாங்பாய், ஜீஸி. தரம் பார்க்க எளிய வழி, ஹுவாங்லியனின் மஞ்சள் நிறச் சத்தான பெர்பெரினை மட்டும் அளப்பது. செலவு குறைவு, விடை எண்ணாகவே கிடைக்கும். ஆனால் மலிவான ஹுவாங்பாயிலும் பெர்பெரின் உண்டு. விலை கூடிய ஹுவாங்லியனைக் குறைத்து ஹுவாங்பாயைக் கூட்டினாலும், தனி பெர்பெரினையே தூவிவிட்டாலும் சோதனை ஏமாந்துவிடும்.

கைரேகை முறையில், கலவையின் சத்துகளைப் பிரித்து வரைபடமாக்கும் எச்பிஎல்சி கருவி காட்டும் முகடுகள் எல்லாவற்றையும் மாதிரி வரைபடத்தோடு ஒப்பிடுகிறார்கள். ஹுவாங்லியனில் நிறைய இருக்கும் காப்டிசின் என்ற இன்னொரு சத்தின் முகடு தாழ்ந்தால் குட்டு வெளிப்படும். மூலிகை ஊசிமருந்துகளுக்கு சீனா 2000-லேயே இதை வலியுறுத்தியது. உடம்புக்குள் நேரே ஏற்றுவதாயிற்றே! கூட்டுமருந்து என்றால் என் ஓட்டும் ரேகைக்கே.

அதற்கும் ஓட்டை உண்டு. மாதிரியோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற கணக்கைப் பெரிய முகடுகளே தீர்மானிக்கும். சிறிய அளவு நச்சு அதில் ஒளிந்துகொள்ளும். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் ஃபாங்ஜி என்ற மூலிகைக்குப் பதிலாக நுழைந்த அரிஸ்டோலோகியா என்ற செடி பலரின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. அதிலுள்ள நச்சான அரிஸ்டோலோகிக் அமிலத்தை மட்டும் தனியாகத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.