போர்டு போகவில்லை, எழுத்துதான் அழிந்தது

மெல்போர்னிலிருந்து மூன்று வார விடுப்பில் பெங்களூர் அல்சூருக்கு வந்து பதினோராம் நாள் அப்பாவின் லேப்டாப் படுத்துவிட்டது. விண்டோஸ் அப்டேட்டோடு சேர்ந்து பயாஸ் அப்டேட்டும் வந்திருந்தது. பட்டனை அழுத்தியதும் முதலில் ஓடி மெஷினை எழுப்பும் புரோகிராம்தான் பயாஸ்; அது மதர்போர்டில் ஒரு தனி சிப்பில் இருக்கும். ரீஸ்டார்ட் கொடுத்ததும் கறுப்புத் திரையில் சதவீதம் ஓடியது. நாற்பதைத் தாண்டும்போது தெருவில் கரண்ட் போய்விட்டது. அந்த பேட்டரி 60 சதவீதம் என்று காட்டும், ஆனால் சார்ஜரை எடுத்தால் இரண்டு நிமிஷம் தாங்காது. அன்றும் தாங்கவில்லை.

அப்புறம் பட்டனை அழுத்தினால் விசிறி சுற்றும், கேப்ஸ் லாக் விளக்கு கண் சிமிட்டும், திரை இருட்டு. அவ்வளவுதான்.

அந்த மெஷினில்தான் அப்பா நான்கு வருஷமாக எங்கள் குடும்பக் கதையைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார். தாத்தா வடாற்காட்டுப் பக்கமிருந்து கண்டோன்மெண்டுக்கு வேலை தேடி வந்தது, சோமேஸ்வரர் கோயில் தெருவில் யார் யார் எந்த வீட்டில் இருந்தார்கள் என்பது வரை எல்லாம் அதில் இருக்கிறது. வேறு எங்கும் நகல் இல்லை. அன்று இரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

எனக்குத் தெரிந்ததை முயன்றேன். ஹெச்பி என்றால் விண்டோஸ் சாவியையும் பி-யையும் (B) பிடித்துக்கொண்டு பவர் பட்டனை அழுத்த வேண்டும். டெல் என்றால் கண்ட்ரோலையும் எஸ்கேப்பையும் பிடித்தபடி சார்ஜரைச் செருக வேண்டும். பல மாடல்களில் மெஷின் தானே பழைய பயாஸை மீட்டுக்கொள்ளும். அப்பாவுடையது இரண்டு கம்பெனியும் இல்லை. அதன் வழிமுறைப்படி பென்டிரைவில் பைலைப் போட்டுச் செருகியும் ஒன்றும் நடக்கவில்லை.

மறுநாள் கம்பெனி சர்வீஸ் சென்டர். பார்க்கும் கட்டணம் வரியோடு 590 ரூபாய். கவுன்டரில் இருந்த பெண் பொறுமையாகத்தான் பேசினார். ஆனால் பதில் ஒன்றுதான்: மதர்போர்டு மாற்ற வேண்டும், 22,000 ஆகும், பார்ட் வரப் பத்து வேலைநாள், டேட்டாவுக்குப் பொறுப்பில்லை என்று கையெழுத்து. எனக்குத் திரும்பும் விமானத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. வாரண்டி இருந்தால் அங்கேயே கொடுத்திருப்பேன், அதில் தவறே இல்லை. அது முடிந்து ஒரு வருஷமாகிறது. போர்டில் எது போயிற்று என்று கேட்டேன். "போர்டுதான் மேடம்" என்றார். அந்த பதிலோடு வீட்டுக்கு வர மனம் வரவில்லை.

கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்பி ரோட்டுக்கு அப்பாவும் நானும் போனோம். அல்சூரில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் பச்சைக் கோட்டுக்கு மாறினால் அடுத்த ஸ்டேஷன் சிக்பேட்டை. அங்கிருந்து நடைதான். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.

முதல் இரண்டு கடையில் தொட்டுக்கூடப் பார்க்காமல் விலை சொன்னார்கள். மூன்றாவது, மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை. உள்ளே ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர். எங்கள் பேச்சைக் கேட்டதுமே தமிழில், "உட்காருங்கப்பா, வெயில்ல வந்திருக்கீங்க" என்று அப்பாவுக்கு நாற்காலியைத் தள்ளினார். தங்கவயல்காரர். தினமும் மாரிக்குப்பம் ரயிலில் வந்து போகிறார். 2001இல் அங்கே தங்கச் சுரங்கத்தை மூடியபோது அவர் வீட்டிலும் வேலை போனதாம்.

அவர் கேட்ட முதல் கேள்வியிலேயே எனக்கு உயிர் வந்தது. "அப்டேட் பாதியில நின்னுதா, இல்ல தண்ணி ஏதாவது பட்டுச்சாம்மா?" பாதியில் நின்றது என்றேன். "அப்ப போர்டு போயிருக்காது. பயாஸ் சிப்புல இருக்கிற எழுத்துதான் அழிஞ்சிருக்கும். அப்பா எழுதினது எஸ்எஸ்டியில, பைல் எல்லாம் இருக்கிற டிஸ்க்குல இருக்கு, அதை யாரும் தொடல."

பின்மூடியைக் கழற்றினார். முதலில் பேட்டரி வயரைப் பிரித்தார், அப்புறம் காயின் செல்லை எடுத்தார். பயாஸ் இருப்பது எட்டுக் கால் உள்ள ஒரு கறுப்பு சிப்பில், அரிசியை விடக் கொஞ்சம்தான் பெரிது. மேலே இருந்த எண்ணைப் போன் கேமராவில் பெரிதாக்கிப் படித்தார். "இது 3.3 வோல்ட். சில மெஷின்ல 1.8 இருக்கும். அதுக்கு இந்த கிளிப்பை அப்படியே மாட்டினா சிப்பு செத்துரும்." சிப்பின் கால்களைக் கவ்விப் பிடிக்கும், வயர் இணைத்த கிளிப் அது. மூலையில் உள்ள புள்ளிதான் ஒன்றாம் கால். கிளிப்பின் சிவப்பு வயர் அந்தப் பக்கம் வர வேண்டும். மாட்டி, சிஎச்341ஏ என்கிற, சிப்பைப் படிக்கவும் எழுதவும் உதவும் சின்ன ப்ரோகிராமர் வழியாகத் தன் கம்ப்யூட்டரில் படித்தார். திரை முழுக்க எப்எப், எப்எப் (FF), அதாவது வெற்று. கிளிப் சரியாக உட்காரவில்லை. சிப்பின் கால்களை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து மறுபடி மாட்டினார். இந்த முறை எழுத்துகள் வந்தன.

ஒரு முறை படித்ததோடு அவர் நிற்கவில்லை. இரண்டாம் முறையும் படித்து, இரண்டு பைலும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டார். 16 எம்பி. அதை என் பென்டிரைவிலும் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் வேலையையே தொடங்கினார். மெஷினின் சீரியல் நம்பர், விண்டோஸ் லைசென்ஸ் சாவி எல்லாம் இந்த சிப்பிலேயே இருக்கிறது. நெட்டில் கிடைக்கும் யாரோ ஒருவருடைய டம்பை, அதாவது சிப் நகலை, அப்படியே ஏற்றினால் மெஷின் எழுந்துவிடும், ஆனால் அது வேறு மெஷினாகிவிடும். இவர் கம்பெனி தளத்திலிருந்து புது பைலை எடுத்து, அப்பாவின் மெஷினுக்கே உரிய பகுதிகளைப் பழைய நகலிலிருந்து அதில் சேர்த்தார்.

அதைச் சிப்பில் எழுதி முடிப்பதற்குள் டீ வந்தது. 1999 ஏப்ரல் 26 அன்று சிஐஎச் வைரஸ் பல மெஷின்களின் பயாஸை அழித்த கதையைச் சொன்னார். அப்போது சிப் சாக்கெட்டில் இருக்கும். அதே மாதிரி போர்டு உள்ள நல்ல மெஷினை ஓடவிட்டு, ஓடும்போதே அதன் சிப்பைப் பிடுங்கி, அழிந்த சிப்பைச் செருகி எழுதுவார்களாம். "அப்ப கத்துக்கிட்டதுதான் இதெல்லாம்" என்றார்.

சரிபார்த்து மூடி, பட்டனை அழுத்தினார். இருட்டு. ஒரு நிமிஷம் போனது. தானாக அணைந்து மறுபடி ஓடியது, அப்போதும் இருட்டு. அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "முதல் தடவை லேட்டாகும், மெமரியைப் பழகிக்குது" என்றார் அவர். லோகோ வந்தது.

உடனே இன்னொரு தடை. டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது. பயாஸ் மாறியதால் பூட்டிக்கொண்டது. வெளிநாட்டில் இருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். சாவி என் மைக்ரோசாஃப்ட் கணக்கில், ஓடிபி வருவது ஆஸ்திரேலிய எண்ணுக்கு, அந்த சிம்மோ வீட்டில் பர்ஸுக்குள். நல்லவேளை, வீட்டுக்குப் போய் சிம்மைப் போட்டு ரோமிங்கைத் திறந்ததும் ஓடிபி வந்தது. ஊருக்குக் கிளம்பும் முன்பே அப்பா அம்மாவின் மெஷின்களுக்கு இந்தச் சாவியை எடுத்து வைத்துவிடுங்கள்.

கூலி 1,800 ரூபாய். கூடக் கொடுக்கப் பார்த்தேன், வாங்கவில்லை. "நல்ல பேட்டரி ஒண்ணு போடுங்கம்மா முதல்ல" என்றார். அதையும் போட்டாயிற்று.

அன்று மாலை அப்பா தன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த 48 இலக்கங்களையும் ஆறாறாக, எட்டுக் கட்டமாக, நீல மையில் எழுதினார். நான் ஒவ்வொன்றாக வாசிக்க, அவர் திருப்பிச் சொல்லிச் சொல்லி எழுதினார். அப்புறம் பைலைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து தட்ட ஆரம்பித்தார்.