மனநல மருத்துவ நூலகம்: பல வருடப் புழக்கத்துக்குப் பிறகு

புதிதாக மனநலப் பிரிவு தொடங்கும் நண்பர் ஒருவர், நூலகத்துக்கு முதலில் எந்தப் புத்தகங்களை வாங்கலாம் என்று கேட்டார். எங்கள் துறை நூலகப் பொறுப்பு நெடுநாளாக என்னிடம் இருக்கிறது. அவருக்கு எழுதிய பதில் நீண்டுவிட்டது, இதே கேள்வி உள்ள மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே தருகிறேன். எந்தப் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். பலர் கைபட்டுப் புழங்கும்போது அது என்ன ஆகிறது என்பதே என் பேச்சு.

முதலில் என் மனக்குறையைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மற்றது ஓடாது. எங்களிடம் உள்ள பெரிய பாடநூல் ஒன்றின் உள்ளட்டையில் சுரண்டிப் பார்க்கும் ரகசிய எண் இருக்கிறது. அதை இணையத்தில் பதிந்தால் மின்நூல், காணொளிகள், பயிற்சிக் கேள்விகள் எல்லாம் திறக்கும். ஆனால் ஒரே ஒருவர்தான் பதிய முடியும். முதலில் எடுத்துப் போன பயிற்சி மருத்துவர் சுரண்டினார், தன் மின்னஞ்சலில் பதிந்தார், படிப்பு முடிந்து போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், சுரண்டச் சொல்லித்தானே அச்சடித்திருக்கிறார்கள்.

காணொளி போனால் போகட்டும். என்னால் பொறுக்க முடியாதது வேறு. அந்தப் பதிப்பில் அத்தியாயங்களின் மேற்கோள் பட்டியல் அச்சில் கிடையாது, இணையப் பதிப்பில்தான் இருக்கிறது. மனநல மருத்துவத்தில் இது சின்ன விஷயம் இல்லை. ஒரு மருந்து மனச்சோர்வுக்கு உதவுகிறது என்று ஒரு வாக்கியம் சொன்னால், எந்த ஆய்வில், எத்தனை வாரம், என்ன அளவில், யார் செலவில் என்று படிப்பவர் போய்ப் பார்க்க வேண்டும். ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ நமக்குத் தீர்ப்புச் சொல்லாத துறை இது. சான்றைத் தேடிப் போகும் வழியையும் அடைத்துவிட்டால், மாணவர் ஆசிரியர் குழுவின் பெயரை நம்பித்தான் படிக்க வேண்டும். அப்படிப் படிக்கப் பழகியவர் பிறகு மருந்து நிறுவனப் பிரதிநிதி சொல்வதையும் அப்படியே நம்புவார்.

பதிப்பகத்துக்கு எழுதினேன். நிறுவன உரிமம் வாங்கிக்கொள்ளுங்கள், ஆண்டுச் சந்தா என்று பதில் வந்தது. சந்தாவை நிறுத்தினால் உள்ளே நுழைய முடியாது. அதாவது புத்தகம் அலமாரியில் இருக்கும், அதன் ஆதாரங்கள் வாடகையில் இருக்கும். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. எல்லா மேற்கோளையும் அச்சிட்டால் புத்தகம் இன்னும் தடிக்கும், விலை ஏறும், தையல் தாங்காது. சரி, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் நூலகப் பிரதிக்கு மட்டுமாவது பட்டியலை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்கலாமே. அதில் என்ன நஷ்டம்?

இனி மகிழ்ச்சி தந்தது. நான் எதிர்பார்க்கவே இல்லை, எங்கள் அலமாரியில் அதிகம் தேய்ந்த புத்தகம் மிக மெல்லியது. ஃபிஷ் என்று எல்லோரும் சுருக்கமாகச் சொல்லும் 'க்ளினிக்கல் சைக்கோபெத்தாலஜி'. ஃப்ராங்க் ஃபிஷ் 1967-இல் வெளியிட்டது. பிறகு அதைத் திருத்தியவர்களில் ஒருவர், மனச்சோர்வு அளவுகோலால் நமக்குத் தெரிந்த மேக்ஸ் ஹாமில்டன். அதில் மருந்து அட்டவணை இல்லை, மூளைப் படங்கள் இல்லை. நோயாளி சொல்வதை எப்படிக் கேட்பது என்பதுதான் இருக்கிறது. குரல் வெளியிலிருந்து கேட்கிறதா, மனதுக்குள் கேட்கிறதா? எண்ணம் தன்னுடையதுதான் ஆனால் விடாமல் வருகிறது என்கிறாரா, வேறொருவர் உள்ளே வைத்தது என்கிறாரா? ஏதோ நடக்கப் போகிறது, என்னவென்றுதான் தெரியவில்லை என்று ஒருவர் நடுங்கும்போது அது வெறும் பதற்றமா, டெல்யூஷன் (எவ்வளவு சொன்னாலும் அசையாத பொய்யான நம்பிக்கை) உருவாகும் முன் வரும் மனநிலையா? இந்தக் கேள்விகள் பழசாவதே இல்லை. புதிதாகச் சேரும் ஒவ்வொரு குழுவிலும் யாராவது ஒருவர் அதை எடுத்துப் போய்த் திருப்பித் தராமல் இருக்கிறார், நானும் மறுபடி வாங்கி வைக்கிறேன். அதற்காக எனக்குக் கோபமே வந்ததில்லை.

நோய் வகைப்பாட்டு நூல்களில் இரண்டுமே வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டிஎஸ்எம்-5-டிஆர் 2022-இல் வந்தது. உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாடான ஐசிடி-11-இன் மனநலப் பகுதிக்கான விரிவான கையேட்டை 2024-இல் வெளியிட்டது, அதை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். நாங்கள் அச்செடுத்து பைண்ட் செய்து வைத்தோம், வார்டில் அதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போதுதான் ஒரு பெரிய பாடம் கிடைக்கிறது. கணவரை இழந்து எட்டு மாதமாகியும் துக்கத்திலிருந்து மீளாத பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். நீடித்த துக்கக் கோளாறு என்று சொல்ல ஐசிடி-11 கேட்பது குறைந்தது ஆறு மாதம், டிஎஸ்எம்-5-டிஆர் பெரியவர்களுக்குப் பன்னிரண்டு மாதம் கேட்கிறது. ஒரு புத்தகப்படி அவருக்கு நோய் இருக்கலாம், இன்னொன்றின்படி இன்னும் இல்லை. இந்தக் கோடுகள் மனிதர்கள் கூடிப் பேசிப் போட்டவை என்று எத்தனை வகுப்பு எடுத்தாலும் மாணவர் மனதில் இப்படிப் பதியாது.

மாட்ஸ்லி மருந்துக் கையேடு தனி ரகம். 1994-இல் தொடங்கி இப்போது 15-ஆம் பதிப்புக்கு வந்திருக்கிறது. மருந்து மாற்றுவது, கர்ப்ப காலம், சிறுநீரகப் பழுது, மற்ற மருந்து கேட்காத மனச்சிதைவுக்குத் தரும் க்ளோசபினின் சிக்கல்கள் எல்லாம் உடனே கிடைக்கும், மேற்கோள்களும் அந்தந்தப் பகுதியின் முடிவிலேயே அச்சில் இருக்கும். புதியது வந்த அன்றே பழையதை அலமாரியிலிருந்து எடுத்துவிடுங்கள். பழசும் இருக்கட்டுமே என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்கு கருவைப் பாதிக்கக்கூடிய வால்ப்ரோயேட் மருந்தைக் கொடுப்பதில் இன்றைய கட்டுப்பாடு பழைய நூல்களில் இந்த அளவுக்கு இருக்காது. இரவுப் பணியில் அவசரமாகப் புரட்டுபவர் பதிப்பு எண்ணைப் பார்ப்பதில்லை.

அப்புறம், ஒரு தட்டை நோயை அனுபவித்தவர்கள் எழுதிய நூல்களுக்கு ஒதுக்குங்கள். கே ரெட்ஃபீல்ட் ஜேமிசனின் 'ஆன் அன்கொயட் மைண்ட்' (1995) ஒன்றாவது இருக்கட்டும். இருமுனைக் கோளாற்றை ஆராயும் பேராசிரியரே தன் நோய்க்கான லித்தியம் மருந்தைச் சாப்பிடப் பல காலம் மறுத்த கதை அது. அதைப் படித்துவிட்டு வந்த பயிற்சி மருத்துவர், மருந்தை நிறுத்திய நோயாளியிடம் குரலை உயர்த்துவதில்லை. இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சரி, நண்பரின் கேள்விக்கு வருகிறேன். முதலில் எதை வாங்குவது? இத்தனை திட்டிய பிறகும், அந்தப் பெரிய பாடநூலைத்தான். அறுவை சிகிச்சைப் பிரிவிலிருந்து டெலிரியம் (திடீர் மனக்குழப்பம்) என்று அழைப்பு வரும், குழந்தைகள் பிரிவிலிருந்து ஆட்டிசம் சந்தேகம் வரும், உணவு மறுக்கும் பதின்வயதுப் பெண் வருவாள். மூன்றுக்கும் ஒரே இடத்தில் பதில் வேறு எதிலும் இல்லை. ஃபிஷ் மேல் எனக்கு எவ்வளவு பாசம் இருந்தாலும் அன்றைக்கு அது கைகொடுக்காது. ஆனால் அடுத்த பதிப்பிலும் மேற்கோள் அச்சில் இல்லையென்றால் எங்கள் நூலகத்துக்கு அதை வாங்க மாட்டேன், இதில் எனக்கு இரண்டாம் யோசனை இல்லை. நீங்கள் ஆர்டர் கொடுக்கும் முன் விற்பவரிடம் இரண்டு கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: மேற்கோள் பட்டியல் அச்சில் உண்டா, ரகசிய எண்ணை நூலகத்தின் பெயரில் பதிய அனுமதி உண்டா? பதிலும் எழுத்தில்தான் வர வேண்டும். அது கைக்கு வரும்வரை பணம் கட்டாதீர்கள்.