சுரங்க நீரின் கறுப்பில் ஒரு காபிக் குவளை

பிட்ஸ்பர்க் பக்கம் நடந்த கைவினைச் சந்தையில் 28 டாலர் கொடுத்து வாங்கிய குவளை இது. உள்ளே பால் வெள்ளை. வெளியே கறுப்பும் பழுப்புமாக வழிந்த பூச்சு. அந்தக் கறுப்புக்காகத்தான் வாங்கினேன். பென்சில்வேனியாவின் பட்லர் மாவட்டத்தில், ஸ்லிப்பரி ராக் ஓடைப் பகுதியின் பழைய நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து வடியும் அமில நீரில் கரைந்திருந்த மாங்கனீஸ் அது. மோட்டாரும் மருந்துத் தொட்டியும் இல்லாமல், குளங்களிலும் சுண்ணாம்புக்கல் படுகைகளிலும் நீரைத் தானாக ஓடவிட்டே அங்கே சுத்தம் செய்கிறார்கள். படுகையில் சேர்ந்த படிவு, பூச்சில் கலக்கும் பொடியாகக் குயவர் கைக்கு வருகிறது.

சுரங்க நீரின் வேதியியல்தான் எனக்குச் சோறு போடுகிறது; அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்வேன். அமிலம் தணிந்த நீரில் இரும்பை இறக்குவது சுலபம். காற்றுப் பட்டால் போதும், ஆர்செனிக் என்ற நஞ்சையும் இழுத்துக்கொண்டு செஞ்சேறாகப் படிந்துவிடும். மாங்கனீஸ் அப்படி மசியாது. இரும்பும் அலுமினியமும் இறங்கிய பிறகு, நீர் கற்களின் மேல் மெல்ல ஓட வேண்டும். அங்கே ஒட்டி வாழும் பாக்டீரியாவும் பூஞ்சையும் மாங்கனீஸை ஆக்சிஜனேற்ற, கல்லின் மேல் கருந்தோல் படரும். அந்தத் தோல் நிக்கல், கோபால்ட், துத்தநாகம் எல்லாவற்றையும் தன்னிடம் சேர்த்துக்கொள்ளும். கோபால்ட்டை மேலே ஒட்டவைப்பதோடு விடாமல், அதையும் ஆக்சிஜனேற்றி உள்ளே பூட்டிவிடும்.

ஆகவே இது கடையில் கிடைக்கும் சுத்தமான மாங்கனீஸ் டை ஆக்சைடு அல்ல. குவளையின் அடியில் பூச்சு மெலிந்த இடத்தில் ஒரு நீலச் சாயல் தெரிகிறது. கோபால்ட்தான் என்று சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் கால் சதவீதம் (0.25%) இருந்தாலே பூச்சை நீலமாக்கிவிடக்கூடிய உலோகம் அது. இந்த நிறத்துக்கே 28 டாலர் தகும்.

கூடவே கொடுத்த அட்டையில் 'முழுக்க இயற்கை' என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஆர்செனிக்கும் இயற்கைதான், ஐயா! பொடியின் பகுப்பாய்வு உண்டா என்று குயவரிடம் கேட்டேன். இல்லையாம். சுட்ட குவளைக்கான ஆய்வக அறிக்கையைக் காட்டினார்: 4 சதவீத அசிட்டிக் அமிலத்தில் 24 மணி நேரம் ஊறவைத்ததில் ஈயமும் காட்மியமும் கண்டறியும் அளவுக்குக் கீழே. நல்லது. ஆனால் அந்தச் சோதனை தேடுவதே அந்த இரண்டைத்தான். நிக்கல் எவ்வளவு, கோபால்ட் எவ்வளவு என்றேன். மனிதர் சிரித்துவிட்டு அடுத்த வாடிக்கையாளரிடம் திரும்பிவிட்டார்.

உட்புறத்தை வெள்ளையாக விட்டது புத்திசாலித்தனம். காபி கறுப்பைத் தொடுவதில்லை. உதடு படும் விளிம்பில் மட்டும் கறுப்பு ஏறி நிற்கிறது. அங்கே எலுமிச்சைத் துண்டை இரவு முழுக்க வைத்துப் பார்த்தேன், நிறம் மங்கவில்லை. பூச்சு நன்றாக உருகிப் பிடித்திருக்கிறது என்பதற்கு மேல் இதற்கு அர்த்தம் கிடையாது. காபி, தேநீருக்குத் தயங்காமல் பயன்படுத்துகிறேன். ரசத்தை இதில் ஊற்றிக் குடிப்பதில்லை.

கைப்பிடியில் மூன்று விரல் தாராளமாக நுழைகிறது, சூடும் நன்றாக நிற்கிறது. முன்கூட்டிச் சொன்னால் விளிம்பையும் வெள்ளையாக விட்டுச் செய்து தருகிறார், விலை அதேதான். வாங்குவதானால் அப்படிக் கேட்டு வாங்குங்கள்.