அரசியல் பேச வாட்ஸ்அப் குழுவா, எக்ஸ் தளமா?

எக்ஸில் பொய் பரவினால் எல்லார் கண்ணிலும் படும். மறுப்பவர் அதன் கீழேயே ஆதாரத்தைப் போடலாம். வாட்ஸ்அப்பில் ஒரு குழுவில் மறுத்தாலும், அந்தச் செய்தி போன மற்ற குழுக்களுக்கு மறுப்பு போய்ச் சேராது. 2016 முதல் முழு மறையாக்கம் இருப்பதால் நிறுவனமே செய்தியைப் படிக்க முடியாது. அந்தரங்கத்துக்கு அது அவசியம், விட்டுக்கொடுக்கவே கூடாது. ஆனால் சித்தப்பா அனுப்பும் வதந்தி எங்கே பிறந்தது என்று யாருக்கும் தெரியாது. அவர் அனுப்பியதாலேயே நம்பிவிடுகிறோம். 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒரே அரட்டைக்குத்தான் அனுப்பலாம் என்று வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. நல்ல முடிவு.

எக்ஸின் நோய் வேறு. ட்விட்டராக இருந்த 2016-லேயே அல்காரிதம், அதாவது எதைக் காட்டுவது என்று முடிவுசெய்யும் கணினி நிரல், தேர்ந்தெடுத்த பதிவுகள் முன்னே வரத் தொடங்கின. அப்புறம் கோபமூட்டுபவருக்குக் கூட்டம் சேர்ந்தது.

சரி, பொது வாதத்துக்கு எக்ஸ்தான் என் தேர்வு. குடும்பக் குழு வதந்திக்கு, அனுப்பியவரிடம் தனியாகப் பேசுவதே பலன் தருகிறது.