லைட் எரியுது, வேகம் மட்டும் 100: ஈத்டூலோடு ஆறு வருடம்

நாகர்கோவிலைச் சுற்றிச் சின்னச் சின்ன அலுவலகங்களுக்கு நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். சர்வர்கள் பெரும்பாலும் லினக்ஸ். பையில் கிடக்கும் கேபிள் டெஸ்டரைவிட நான் அதிகம் நம்புவது நெட்வொர்க் கார்டின் நிலையைக் காட்டும் ஈத்டூல் (ethtool) என்கிற கட்டளையை. கார்டு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஐபி லிங்க் (ip link) என்ற கட்டளை போதும். அதே வேலைக்கான பழைய ஐஎஃப்கான்ஃபிக் (ifconfig) இன்னும் கைப்பழக்கத்தில் வந்துவிடும்; ஆனால் 2017-இல் வந்த டெபியன் 9 என்ற லினக்ஸ் பதிப்பிலிருந்தே அது தானாக நிறுவப்படுவதில்லை. என்ன வேகம், எதிர்முனை என்ன சொல்கிறது என்பதற்கெல்லாம் ஈத்டூல்தான்.

குளச்சல் பக்கம் ஒரு ஐஸ் பிளான்ட். கடல் கூப்பிடு தூரம். ஓர் ஆடிச் சாரலில் முதலாளி போன் செய்தார்: கேமரா பதிவுகளை நகல் எடுத்தால் ஆமை வேகம். "லைட்டு எரியுதுல்லா தம்பி, பின்ன என்னத்துக்கு இப்படி இழுக்கு?"

சர்வரில் ஈத்டூல் போட்டுப் பார்த்தேன். நம் கார்டு 1000 மெகாபிட் முடியும் என்கிறது, எதிரே கேபிள்கள் வந்து சேரும் நெட்வொர்க் ஸ்விட்சும் 1000 முடியும் என்கிறது, ஓடுவதோ 100-இல். அப்போதே பழி ஒயர் மேல் போய்விட்டது. ஸ்விட்ச் 100 வரைதான் தாங்கும் என்றால் அதன் வரியிலேயே 1000 இருக்காது. ஜிகாபிட்டுக்கு, அதாவது 1000-க்கு, நான்கு ஜோடி ஒயரும் வேண்டும். 100-க்கு இரண்டு போதும். மீதி இரண்டில் ஒன்று போனாலும் பெரும்பாலும் இணைப்பு அறுவதில்லை, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கி நின்றுவிடும். லைட் பாட்டுக்கு எரியும். பிளக்கைக் கழற்றினால், துலக்காத பித்தளை விளக்கில் பிடிப்பது போலப் பின்களில் பச்சைக் களிம்பு. உப்புக் காற்றின் வேலை. இரண்டு முனையையும் வெட்டிப் புது பிளக் அடித்ததும் 1000.

அப்புறம் ஈத்டூலோடு மைனஸ் எஸ் (-S), பெரிய எழுத்து எஸ். அது எண்ணிக்கைகளைக் கொட்டும். நான் பார்ப்பது சிஆர்சி பிழை வரியை மட்டும், அதாவது வழியில் சிதைந்து வந்த தகவல் துண்டுகளின் எண்ணிக்கையை. எண் பெரிதாக இருப்பதில் விஷயமில்லை. பத்து நிமிடம் கழித்துப் பார்க்கும்போது ஏறியிருக்கிறதா என்பதே கேள்வி.

நான்கு போர்ட் கார்டில் எந்தப் பெயர் எந்தத் துளை என்ற குழப்பத்துக்கு மைனஸ் பி (-p). இஎன்பி3எஸ்0 (enp3s0) என்ற பெயரில் 3 என்பது கார்டு செருகப்பட்டிருக்கும் பிசிஐ பஸ் எண், 0 அதன் ஸ்லாட் எண். பெட்டியின் பின்பக்கம் எத்தனையாவது துளை என்பதை அது சொல்லாது. மைனஸ் பி கொடுத்தால் அந்தத் துளையின் லைட் மட்டும் கண் சிமிட்டும். பின்னால் டார்ச்சோடு ஒரு பையனை நிறுத்தினால் வேலை முடிந்தது. விலை குறைந்த சில கார்டுகள் இதற்கு இணங்காது. அங்கே இணைப்பு மாறும்போதெல்லாம் சொல்லும் ஐபி மானிட்டர் லிங்க் (ip monitor link) ஓடவிட்டு, கேபிளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பேன்.

குறையும் உண்டு. 'போர்ட்' என்றே ஒரு வரி வரும், அதை நான் நம்புவதில்லை. சாதாரண ஆர்ஜே45 துளையை ஒரு டிரைவர் ட்விஸ்டட் பேர் என்று காட்டும், இன்னொன்று, கார்டின் உள்ளிணைப்பின் பெயரான எம்ஐஐ (MII) என்று காட்டும். விர்ச்சுவல் மெஷினில் பல நேரம் வேகமே 'அன்னோன்'. கேபிள் ஸ்விட்சின் எத்தனையாவது போர்ட்டில் போய்ச் சேருகிறது என்பதும் இதில் தெரியாது. அதற்குக் கருவிகள் தங்களை ஒன்றுக்கொன்று அறிமுகப்படுத்திக்கொள்ளும் எல்எல்டிபி (LLDP) வேண்டும், அதுவும் ஸ்விட்ச் அதைப் பேசினால்தான்.

சின்ன எழுத்து எஸ்ஸோ (-s) கார்டின் அமைப்பையே மாற்றிவிடும். ஒருமுறை வீட்டிலிருந்தபடி அதே ஐஸ் பிளான்ட் சர்வரில் ஆட்டோநெகோஷியேஷனை (இரு முனைகளும் தாங்களே பேசி வேகத்தை முடிவு செய்வதை) அணைத்து 100-இல் பூட்டினேன், ஏதோ சோதனைக்கு. இணைப்பு போனது போனதுதான். கொட்டும் மழையில் பைக்கில் போய், கீபோர்டைச் செருகி, ஒரு வரி அடித்துவிட்டுத் திரும்பினேன். முதலாளி கட்டன் சாயா கொடுத்தார். என்ன கோளாறு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.